விடியற்காலைப் பெரட்டும் பஞ்சாலையின் பட்டாளமும்

சுவா தோட்டம்,
வியாழக்கிழமை மதியம்.

சிரஞ்சீவி சந்திரனுக்கு அப்பா சன்னாசி ஆசீர்வாதம் செய்து எழுதிக்கொண்டது. தெமியாங்கில் நீயும் மருமகளும் பேரப்பிள்ளையும் சுகமாக இருக்க முனீஸ்வரர் துணை. இங்கு நான் சுகம் என்று எழுதுவது முறை. அப்படியே எழுதியதாக வைத்துக்கொள். நிஜத்தில் சுகமில்லை. காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, இனிப்பு நீர் இல்லை. எனக்கு வந்திருப்பது உதவி.

ஆகவே வருகிற ஞாயிற்றுக்கிழமை உன் லாரியை எடுத்துக்கொண்டு வந்து என்னைக் கூட்டிப்போய்விடு. தீபாவளிக்கு நீ கூப்பிட்டபோது, செத்தாலும் இந்த லயத்து வீட்டை விட்டு வர மாட்டேன் என்று குதித்தேன். அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். கட்டில் வேண்டாம், அலமாரி வேண்டாம். என்னையும் கோழியையும் ஏற்றினால் போதும்.

எல்லாம் நம் தமிழ்ப்பள்ளி வாத்தியார் செய்த வேலை. ஆண்டுக் கடைசி விடுமுறை விடும்போது பிள்ளைகளிடம், தினம் ஆளுக்கு ஒரு உதவி செய்யுங்கள், பள்ளி திறந்ததும் வந்து சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டுக் கோலா பிலாவில் மாமியார் வீட்டுக்குப் போய்விட்டார். நல்ல மனுஷன், குறை சொல்ல மாட்டேன். ஆனால் இந்தத் தோட்டத்தில் எத்தனை வீடு மிச்சம்? ரப்பரை வெட்டிச் செம்பனை நட்ட பிறகு பாதி ஜனம் டவுனுக்குப் போய்விட்டது. மிச்சம் இருக்கிற வீடுகளில் வேலை செய்ய ஆள் உண்டு. தனியாகக் கிடக்கிற கிழம் நான் ஒருத்தன்தான். மொத்த உதவியும் என் தலையில் இறங்கிவிட்டது.

இவர்களுக்குத் தலைவி பஞ்சாலை. பக்கத்து வீட்டுப் பிள்ளை, நீ டவுனுக்குப் போனபோது மூக்கை ஒழுகவிட்டுக்கொண்டு திரிந்தாளே, அவள்தான். இப்போது இரட்டைச் சடையும் பெரிய மனுஷி பேச்சுமாக வளர்ந்துவிட்டாள். முதல் நாள் பட்டாளத்தோடு என் வீட்டு முன்வாசல் அஞ்சடியில் வந்து நின்றாள்.

"தாத்தா, ஒதவி செய்ய வந்திருக்கோம்."

"ஒண்ணும் வேணாம். போய் வெளையாடுங்க."

"வேணாம்னு சொல்லக் கூடாது தாத்தா. நீங்களே வேணாம்னா நாங்க எங்க போறது? கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க லா."

யோசித்துப் பார்த்தேன். அந்த இடத்தில்தான் என் கெட்ட காலம் ஆரம்பித்தது.

வீட்டைச் சுற்றிப் புல் பிடுங்குகிறோம் என்று இறங்கினார்கள், என் தூதுவளையைப் பிடுங்கினார்கள், கற்பூரவள்ளியைப் பிடுங்கினார்கள், வெற்றிலைக் கொடியை வேரோடு உருவினார்கள், லாலான் புல்லை மட்டும் விட்டுவிட்டார்கள், ஏன்டா என்றால் அது காற்றில் ஆடுவது அழகாக இருக்கிறதாம். சரி போகட்டும் என்று உள்ளே வந்தால் என் காக்கிச் சட்டையைக் காணோம், துவைத்துக் கஞ்சி போட்டிருக்கிறார்கள், ஒரு பானைக் கஞ்சியையும் போட்டிருக்கிறார்கள், காய்ந்த பிறகு அது ஆணி இல்லாமல் சுவரோரம் தானாக நின்றது, கண் மங்கிப்போன நம் பழைய ஆபீஸ் கிராணி அந்தப் பக்கமாக வந்தவர் அதைப் பார்த்து, "என்னா மண்டோரே, ஒடம்பு தேவலையா? எளைச்சுப் போயிட்டீங்களே" என்று விசாரித்துவிட்டுப் போனார். நான் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அடுத்த நாள் என் அடைக்கோழிமேல் இரக்கம் வந்துவிட்டது, பாவம் ஒரே இடத்தில் உட்கார்ந்து கால் மரத்துப்போயிருக்கும் என்று அதைத் தூக்கிக்கொண்டு தோட்டத்தைச் சுற்றிக் காட்டப் போய்விட்டார்கள், அது வரும்வரை முட்டை குளிர்ந்துவிடக் கூடாதே என்று முனியாண்டி, ஆறு வயசுப் பொடியன், எல்லா முட்டையையும் சட்டைக்குள் போட்டுக்கொண்டு கோழி அடையிருந்த சாம்பல் கூடையில் குந்தியிருந்தான், அசையச் சொன்னால் அசைய மாட்டேன் என்கிறான், சோற்றை நான் ஊட்ட வேண்டியதாகிவிட்டது. அப்புறம் ரோடு கடத்துவது. நம் செம்மண் பாதையில் எண்ணெய்ப்பனைக் குலை ஏற்றும் லாரி எப்போதாவது ஒன்று வரும், உனக்குத் தெரியாததா? நான் சும்மா நின்றிருந்தேன். இரண்டு பேர் கையைப் பிடித்து அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டார்கள். எனக்கு அந்தப் பக்கம் ஒரு வேலையும் இல்லையடா என்றேன். அப்படியா என்று வேறு இரண்டு பேர் இந்தப் பக்கம் கொண்டுவந்து விட்டார்கள். ஆக நாலு பேர் கணக்குத் தீர்ந்தது. உபகாரம் செய்யாவிட்டாலும் உபத்திரவம் செய்யாதே என்பார்கள், இவர்கள் இரண்டையும் ஒரே கையால் செய்கிறார்கள்.

இதெல்லாம் பொறுத்துக்கொண்டேன் சந்திரா. லாரியை வரச் சொல்வது இதற்காக இல்லை. பெரட்டுக்காக, விடிகாலையில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடுவேனே, அதற்காக.

மண்டோர் வேலையை விட்டாலும் விடிவதற்கு முன்னால் என் கண் முழித்துக்கொள்கிறது. கோப்பி கலக்கிக்கொண்டு அஞ்சடியில் வந்து நிற்பேன். எதிரே பனி மூடியிருக்கும். பனியில் செம்பனை தெரியாது. ரப்பர் மரம் நின்றாலும் அப்படித்தான் தெரியாமல் இருக்கும், அதனால் ரப்பர்தான் நிற்கிறது என்று நினைத்துக்கொள்வதில் யாருக்கும் நஷ்டமில்லை. சில நாள் ரப்பர் பால் வாடைகூட அடிக்கும். எங்கிருந்து அடிக்கிறது என்று நான் தேடுவதில்லை. அப்படியே நின்று, பால் மரம் வெட்டின என் பழைய ஆட்களின் பெயரை வரிசையாகக் கூப்பிடுவேன். நீ சின்னப் பிள்ளையில் அந்தச் சத்தத்தில்தானே கண் முழிப்பாய்? வாய்க்கு அது பழக்கமாகிவிட்டது. மெல்லத்தான் கூப்பிடுவேன். யாருக்கும் கேட்காது என்றுதான் நினைத்திருந்தேன்.

போன வாரம் ஒரு நாள், "வீரமுத்து" என்றேன்.

"இருக்கேன்யா" என்றது பனி.

வீரமுத்து போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷமாகிறது. கோப்பி டம்ளரைக் கீழே வைத்தேன். இருந்தாலும் பெரட்டைப் பாதியில் நிறுத்துகிற வழக்கம் எனக்குக் கிடையாது. "மயிலம்மாள்" என்றேன். "வந்துட்டேன் மண்டோரய்யா" என்று ஒரு கீச்சுக் குரல். "அமிர்தலிங்கம்" என்றேன். அதற்கும் பதில் வந்தது. பயந்தேன் என்று நினைக்காதே. சொன்னால் சிரிப்பாய், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எல்லோரும் வாளியோடும் உளியோடும் வந்து நிற்கிறார்கள், பனி விலகினால் போய்விடுவார்கள், விலகாமல் இருக்கட்டும் என்று நினைத்தேன். மூன்று நாள் இப்படி நடந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கலைந்துவிடும் என்று இருந்தது.

நாலாம் நாள் வீரமுத்து தும்மினான்.

"ஏய், சும்மா இருடா. மண்டோரு ஏசுவாரு லா!" என்றாள் மயிலம்மாள்.

என் பெரட்டில் ஒருத்தரும் இந்தக் காலத்துப் பிள்ளைகள் மாதிரி என்னிடம் லா போட்டுப் பேசியதில்லை. டார்ச்சை அடித்துக்கொண்டு இறங்கினேன். பட்டாளம் முழுக்க வரிசையாக நிற்கிறது. போர்வையைப் போர்த்திக்கொண்டு சிலது, கண்ணைத் திறக்காமலே நின்றுகொண்டு சிலது. பஞ்சாலை மட்டும் முன்னால் வந்தாள்.

"என்னா கூத்து இது? பெரியவங்கள வெச்சு வெளையாடுறீங்களா?"

"வெளையாடல தாத்தா. நீங்க கூப்புடுறது எங்க வீட்டுக்குக் கேக்குது. கூப்பிட்டு யாருமே பேசலன்னா பாவமா இருக்கு."

என்னைப் பார்த்துப் பாவமாம். இந்தத் தோட்டத்தையே நடுங்க வைத்த சன்னாசி மண்டோரைப் பார்த்து! வந்த கோபத்தில் என்ன சொல்லியிருக்க வேண்டும்? ஓடுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். வாயில் வந்தது வேறு. "வந்தா நேரத்துக்கு வரணும். பிந்துனவனுக்கு அரை நாள் சம்பளந்தான்" என்றேன். மறுநாள் ஒருத்தரும் பிந்தவில்லை. நானும், உண்மையைச் சொன்னால், அந்தக் கஞ்சிச் சட்டையை மாட்டிக்கொண்டுதான் நின்றேன்.

அதோடு நின்றிருந்தால் இந்தக் கடிதமே இல்லை.

மயிலம்மாளுக்கு அடுத்தது யார் என்று உனக்குத் தெரியும். உங்க அம்மா. வீட்டில் நான் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நீ கேட்டிருக்கவே மாட்டாய். இந்தா, ஏ புள்ள, சந்திரன் அம்மா, அவ்வளவுதான். கட்டின பெண்டாட்டியை எவன் பெயர் சொல்லிக் கூப்பிடுவான்? ஆனால் பெரட்டில் எல்லாரும் எனக்கு ஆள்தானே? அங்கே கூப்பிட்டுத்தான் ஆக வேண்டும். ஒரு நாளில் ஒரே ஒரு தடவை அவள் பெயர் என் வாயில் வரும். மற்றவர்கள் இருக்கேன்யா என்பார்கள். அவள் மட்டும் இருக்கேங்க என்பாள். பொம்பிளைகள் எல்லாம் சிரிப்பார்கள். அவள் போய்ச் சேர்ந்த பிறகு அந்த இடத்தில் ஒரு மூச்சு விட்டுவிட்டு அமிர்தலிங்கத்துக்குப் போய்விடுவேன். பெயர் வாயில் வருவதில்லை.

நேற்று மயிலம்மாளைக் கூப்பிட்டேன், மூச்சு விட்டேன். நான் கூப்பிடவே இல்லை சந்திரா. பனிக்குள்ளிருந்து சின்னக் குரலில், "இருக்கேங்க" என்றது.

நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். வெயில் ஏறின பிறகு ஜன்னல் வழியாகப் பார்த்தால் எல்லாப் பிள்ளைகளும் அப்படியே நிற்கிறார்கள். சரி, அவங்கவங்க மர நிரைக்குப் போங்க என்று நான் சொல்லாமல் பெரட்டு கலையக் கூடாது என்று பஞ்சாலை நிறுத்தி வைத்திருக்கிறாள். கதவைத் திறக்காமலே, போங்க என்று கத்தினேன். போனார்கள். முனியாண்டி மட்டும் ஜன்னலுக்குக் கீழே வந்து, "தாத்தா, நான் தப்பா சொல்லிட்டேனா? பாட்டி எப்படி சொல்வாங்கன்னு பஞ்சாலைக்கா அவங்க அம்மாகிட்ட கேட்டுட்டுத்தான் சொல்லச் சொன்னிச்சு" என்றான். ஜன்னலையும் சாத்திக்கொண்டேன். நேற்று முழுக்க ஒருத்தரும் உதவிக்கு வரவில்லை. வீடு எவ்வளவு பெரிசு என்று நேற்றுதான் தெரிந்தது.

என் செடியைப் பிடுங்கட்டும், கோழியை ஊர்வலம் விடட்டும். இதை என்னால் தாங்க முடியாது. இன்று காலையில் பெரட்டுக்கும் நான் எழுந்து வரவில்லை, படுத்தே கிடந்தேன். இனி இந்தப் பக்கம் பனியையே பார்க்கக் கூடாது. தெமியாங்கில் பனி இருக்காது, கார் சத்தம் இருக்கும், நல்லது. லாரியை மறக்காதே.

மருமகளுக்கு என் ஆசீர்வாதம். பேரனுக்கு முத்தம், மீசை குத்தாமல். நீங்கள் எல்லோரும் நோய்நொடி இல்லாமல், யாருடைய உதவியும் தேவைப்படாமல் நீண்ட காலம் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா,
சன்னாசி (மண்டோர், ஓய்வு)

பின்குறிப்பு: வெள்ளிக்கிழமை காலை. கடிதத்தைச் சுவா கடைத்தெருவுக்குக் கொண்டுபோக நேற்று ஆள் இல்லை, என் உதவியாளர்கள்தான் வரவில்லையே. இன்று விடியுமுன் கடைசியாக ஒரு தடவை நின்று பார்ப்போம் என்று வெளியே வந்தேன். பனி நன்றாக மூடியிருந்தது. ஒரு சத்தம் இல்லை. வீரமுத்துவைக் கூப்பிட்டேன், "இருக்கேன்யா" என்றான், ஆனால் தயங்கித்தான் சொன்னான். மயிலம்மாளும் அப்படியே. பிறகு மூச்சு விட்டேன். யாரும் வாயைத் திறக்கவில்லை. தாத்தா அழுவார், பேசாதே என்று பஞ்சாலை சொல்லி வைத்திருக்கிறாள் போல. அந்த இடத்தில் அந்த அமைதி எனக்குப் பொறுக்கவில்லை சந்திரா. செல்லம்மா என்று கூப்பிட்டேன். மெல்ல இல்லை, அந்தக் காலத்துக் குரலில்.  அப்புறம் மொத்தப் பட்டாளமும், பக்கத்து வீட்டு ஜன்னலில் இருந்து பஞ்சாலை அம்மாவும் சேர்ந்து, இருக்கேங்க! முனியாண்டி இரண்டு தடவை சொன்னான். அவன் சட்டைக்குள் இன்றைக்கு முட்டை இல்லை, குஞ்சு.

அதனால் லாரி வேண்டாம். மேலே எழுதியதைப் படிக்காதே. ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் பேரனைத் தூக்கிக்கொண்டு நீ வா. உங்க அம்மா பெயரை நான் கூப்பிடும்போது நீயும் பதில் சொல்ல வேண்டும். நேரத்துக்கு வா. பிந்தினால் அரை நாள்தான், மகன் என்று பார்க்க மாட்டேன்.