இருட்டுத் தட்டு

மருந்து கலந்து இருட்டில் வைத்த தட்டிலும் கொஞ்சம் வைரஸ் செத்துக் கிடந்தது. ஆராய்ச்சிக்காரிக்குத் தலை சுற்றியது.

அவளுடைய புது மருந்து வெளிச்சம் பட்டால்தான் வேலை செய்யும். இருட்டில் சுத்தக் கும்பகர்ணன். உதட்டில் கொப்புளம் போடும் ஹெர்பீஸ் வைரஸை ஒழிக்க, வருஷக்கணக்காக அதோடு மல்லுக்கட்டுகிறாள். பாவம், அவள் உதட்டோரத்திலேயே ஒரு கொப்புளம் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது.

"இருட்டுலயும் கொல்லுதுன்னா அது மருந்து இல்லம்மா, வெறும் விஷம்," என்றார் பேராசிரியர். "இன்னும் ரெண்டு தடவை செஞ்சு பாரு. சரிவரலேன்னா மூட்டை கட்டிடலாம்."

எங்கேயோ வெளிச்சம் கசிகிறது என்று அவளுக்குச் சந்தேகம். தட்டைக் கறுப்புப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். லேப் அட்டெண்டரைக் கூப்பிட்டாள். எல்லாருக்கும் அவர் பொறுப்பண்ணன். குழாயை மூடச் சொன்னால் மூடிவிட்டு, மூடியிருக்கிறதா என்று திறந்து பார்க்கிற ரகம்.

"அண்ணே, இது உங்க பொறுப்பு. பெட்டிக்குள்ள பொட்டு வெளிச்சம் போகக் கூடாது."

"கவலைய விடும்மா. நான் பாத்துக்கறேன்."

மறுநாள் பார்த்தால், முன்னைவிட மோசம். பாதி வைரஸ் காலி.

விடுவாளா? ஜன்னலுக்குக் கறுப்புக் காகிதம் ஒட்டினாள். அறையின் பல்பையே கழற்றினாள். அந்த இருட்டில் மேஜையில் முட்டிக்கொண்டு, உதட்டுக் கொப்புளம் போதாதென்று நெற்றியிலும் ஒரு புடைப்பை வாங்கிக்கொண்டாள்.

"அண்ணே, போன தடவை சரியா கவனிச்சீங்களா?"

அவர் முகம் சுருங்கிவிட்டது. "மணிக்கொரு தடவை பாத்தேம்மா. இந்தத் தடவை இன்னும் அடிக்கடி பாக்கறேன்."

மறுநாள் தட்டில் மருந்துக்குக்கூட வைரஸ் இல்லை. துடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

"விட்டுடும்மா," என்றார் பேராசிரியர். அவளுக்கு அழுகை முட்டியது. ஆனாலும் மனசு கேட்கவில்லை.

"இருட்டு கூடக் கூட, சாகறதும் கூடுதே சார். அது எப்படி? விஷம்னா எப்பவும் ஒரே மாதிரிதானே கொல்லணும்?"

"அப்போ எப்படியோ வெளிச்சம் போயிருக்கும். அண்ணன் அசந்து தூங்கியிருப்பாரு."

பக்கத்தில் நின்ற பொறுப்பண்ணனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"கண்ணை மூடலே சார். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை மூடியைத் திறந்து, டார்ச் அடிச்சு, மூலை முடுக்கெல்லாம் பாத்தேன். சத்தியமா உள்ள ஒரு பொட்டு வெளிச்சம் கிடையாது."