மூன்றாம் எழுத்து

முப்பாட்டன்தேடிகள் என்றொரு இனம் உண்டு. தென்காசி வட்டாரத்தில் சாரலோடு சேர்ந்து பெருகும். நீங்களும் பார்த்திருப்பீர்கள். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்து, கூட்டுக்கும் பொரியலுக்கும் நடுவே, செங்கோட்டைக்கு முதல் ரயில் வந்தபோது எங்கள் முப்பாட்டனார் அங்கே நின்றிருப்பார் என்று ஆரம்பிப்பார்கள். ரசம் வருவதற்குள் 'நின்றிருப்பார்' என்பது 'நின்றார்' ஆகிவிடும். பாயசத்தில், ரயிலுக்குப் பச்சைக்கொடி காட்டியவரே அவர்தான்.

பஞ்சமா? கஞ்சி ஊற்றியிருப்பார். வெள்ளமா? ஊரையே தோளில் தூக்கிக் கரை சேர்த்திருப்பார். சரித்திரத்தில் ஒரு தேதி கிடைத்தால் போதும், அதன் பக்கத்தில் முப்பாட்டனுக்கு ஒரு நாற்காலி போட்டுவிடுவார்கள்.

ஓய்வுபெற்ற ஏட்டையா மணிமுத்து இந்த இனத்தில் அசல். வேலையில் இருந்தவரை சாட்சி இல்லாமல் எவன் சொன்னதையும் நம்பாதவர், முப்பாட்டனார் சங்கரபாண்டி விஷயத்தில் மட்டும் சாட்சி கேட்பதில்லை. போன மாதம் அதுவும் கிடைத்துவிட்டது: 1921ஆம் வருடத்துக் காவல் பதிவேட்டில் ஒரு பக்கம், கைப்பேசிப் படமாக. 'சங்கரபாண்டி. காலிக் கலகம். எட்டு நாள் காவல்.' வெள்ளைக்காரன் அவரைக் காலி என்று ஏசியிருக்கிறான், அவர் கலகம் செய்திருக்கிறார், வேறென்ன வேண்டும்? நூற்று நாற்பது சொந்தங்களுக்கு அழைப்பு போனது. ஞாயிற்றுக்கிழமை குற்றாலத்தில் நினைவுக்கல் திறப்பு. கல்லில், 'கலகம் கண்ட சங்கரபாண்டி'.

வியாழக்கிழமை காலையில், பெருமை தாங்காமல் படத்தைப் பெரிதாக்கி மனைவி மாரித்தாயிடம் காட்டினார். அதுதான் தப்பு. மாரித்தாய் முப்பது வருடம் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் கோழிக்கிறுக்கலைத் திருத்திய டீச்சர்.

"இது 'க' இல்லங்க, 'ய'. காலிக் கலயம்."

மணிமுத்து மறுபடி பார்த்தார், 'ய'தான். ஆனால் இந்த இனம் லேசில் விழாது. கள்ளுக்கடை மறியல் நடந்த காலமல்லவா அது, முப்பாட்டனார் பனையேறிக் கள்ளுக் கலயத்தை இறக்கிக் கொள்கைக்காகக் கொட்டியிருப்பார் என்றார்.

"எங்க கொட்டுனாரு, வாயிலயா?"

மணிமுத்து, கல் கொத்துகிற மாடனுக்குப் போன் போட்டு, நிறுத்து என்றார்.

"'கல' வரைக்கும் வெட்டியாச்சு அண்ணாச்சி. அடுத்த எழுத்தச் சொல்லுங்க, உளியப் பிடிச்சுக்கிட்டு நிக்கேன்."

'க' போட்டால் பொய். மாரித்தாய்க்குத் தெரிந்த பொய். 'ய' போட்டால் நூற்று நாற்பது பேர் முகத்தில் எப்படி விழிப்பது? மணிமுத்து போனைக் கையால் பொத்திக்கொண்டு மனைவியைப் பார்த்தார்.

"'க'வே போடச் சொல்லுங்க," என்றார் மாரித்தாய். "அதுக்குப் பொறவு 'ம்' வேண்டாம். 'ல' போடட்டும்."

ஞாயிற்றுக்கிழமை, ஐந்தருவியில் நனைந்த தலை காயாமல் சொந்தங்கள் கூடி நிற்க, துணி விலகியது. 'கலகலப்பானவர் சங்கரபாண்டி.' எல்லோரும் கைதட்டினார்கள். சாப்பாட்டுப் பந்தியில் மணிமுத்து, முப்பாட்டனார் சிரித்துக்கொண்டேதான் ஜெயிலுக்குப் போயிருப்பார் என்றார். ரசம் வந்தபோது அது 'போனார்' ஆகியிருந்தது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் வீட்டுச் சுவரில் முறுக்கு மீசையோடு தொங்குகிறாரே ஒருவர், அவரும் நாட்டுக்காகத்தானே உள்ளே போனார்? நல்லது. அந்தக் காகிதத்தை மட்டும் எந்த டீச்சரிடமும் காட்டிவிடாதீர்கள்.