வெள்ளைக் காலுறை அணிந்த ரசிகர்

கேட்பவர் எவரும் இல்லாத இடத்தில்கூட இரு கைகளையும் விரித்து "அவையோரே!" என்று தொடங்கும் நோய் எனக்கு உண்டு. அந்நோய் முற்றியது கட்டபெட்டில், எங்கள் வீட்டுக்குப் பின்னாலிருந்த தேயிலைத் தோட்டத்தில்.

மறுநாள் குன்னூரில் கல்லூரிப் பேச்சுப்போட்டி. குலுக்கலில் எனக்கு விழுந்த தலைப்பு, 'டேக்' (take) என்னும் ஆங்கில வினைச்சொல்லின் பயன்கள். முப்பது பயன்களை மனனம் செய்து, (வீட்டில் தங்கை காதைப் பொத்திக்கொண்டதால்) தோட்டத்தில் ஏறினேன். பிற்பகல் மூன்று மணி. ஐந்தாவது வரிசையைக் கடக்கும்போதே மூடுபனி இறங்கியது. வீடு மறைந்தது, பாதை மறைந்தது, நீட்டிய என் கையே மணிக்கட்டோடு முடிந்தது.

"மருந்துக்கும் டேக், பேருந்துக்கும் டேக், தேர்வுக்கும் டேக்! நாமோ மருந்தைக் குடிக்கிறோம், பேருந்தைப் பிடிக்கிறோம், தேர்வை எழுதுகிறோம்!" என்று முழங்கினேன்.

வெண்மைக்குள் யாரோ பெருமூச்சு விட்டார்.

பனி ஒரு கணம் மெலிந்தது; பத்தடி தொலைவில் ஒரு கரிய உருவம். அசைவில்லை. இருமல் இல்லை. கைபேசியும் பார்க்கவில்லை. (இப்படியொரு ரசிகர் எனக்கு அதுவரை வாய்த்ததே இல்லை.) பெருமிதம் விடவில்லை, அடுத்த பயனை அவரை நோக்கியே எடுத்துரைத்தேன். பனி மேலும் சற்று விலகியது. கண்ணியமானவர், வெள்ளைக் காலுறை அணிந்திருந்தார். நான்கு கால்களிலும்.

காட்டெருமை.

என் குரல் நடுவில் அறுந்தது. கொம்புகள் நிமிர்ந்தன.

எனக்குப் பின்னால், கொழுந்து பறிக்கும் மாரியக்காவின் குரல் மட்டும் பனிக்குள்ளிருந்து மெல்ல வந்தது: "தம்பி, பேச்ச நிறுத்தாதீங்க. சத்தம் நின்னா மிரண்டுருமுங்க. பேசிக்கிட்டே பின்னாடி வாங்க."

"என்னத்த... பேசறதுங்க?"

"இத்தன நேரம் என்னத்தக் கத்துனீங்களோ, அதேதானுங்க!"

முப்பதில் ஒன்றே நினைவில் எஞ்சியது. "தேநீர் அருந்துவதற்கும் டேக்..." ஓரடி பின்னால். "தேநீர் அருந்துவதற்கும் டேக்..." இன்னோரடி. நாற்பது முறை சொல்லியிருப்பேன். அவ்வளவு தேயிலையை எந்தத் தொழிற்சாலையும் அரைத்திருக்காது. இறுதியில் அது தலையைத் திருப்பிக்கொண்டு பனிக்குள் கரைந்தது.

"அதுக்கே சலிச்சுப் போச்சுங்க தம்பி," என்றார் மாரியக்கா.

மறுநாள் மேடையில் முப்பது பயன்களும் தடையின்றி வந்தன. ஆனால் கடைசி வரிசையில் கறுப்புக் கோட்டு அணிந்த ஒருவர் அசையாமல் அமர்ந்திருந்தார். நான் பயனுக்கு ஓரடி வீதம் பின்வாங்கியிருக்கிறேன். பதினாறாவது பயனில் திரைக்குப் பின்னால் மறைந்தேனாம். வெறும் மேடையில் என் குரல் மட்டும் முப்பது வரை ஒலித்ததாம்.

பரிசு கிடைக்கவில்லை. இன்றும் வீட்டில் என் பேச்சு ஐந்து நிமிடம் தாண்டினால், தங்கை தலைநிமிராமலே சொல்வாள்:

"அண்ணா, அது போயிருச்சு. நிறுத்திக்கலாம்."