கணக்கப்பிள்ளை எண்ணிய மீன்

"இனிமே இந்த வீட்டு வாசல ஒரு மீன்கூடத் தாண்டக் கூடாது!" நடு வீட்டில் நின்று உத்தரவு போட்டார் வீரய்யா. "உசிர் மீனு, டின் மீனு, கருவாடு, எதுவும்!"

அடுப்படியிலிருந்து அவர் மனைவி பாக்கியலெட்சுமி எட்டிப் பார்த்தாள். "மாசியும் மீனுதாங்க. சம்பலுக்கு என்னத்தப் போடறது?"

"சரி, மாசி வரலாம்."

உத்தரவுக்கு வயது அரை நிமிடம். அதற்குள் ஓட்டை.

வீரய்யா பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவர். காலைப் பெரட்டில் தொழிலாளர்களை வரிசையாக நிறுத்தித் தலை எண்ணியவர். பனி மூட்டத்திலும் அவர் கணக்கில் ஒரு தலை தப்பாது என்று பெயர். அவர் போட்ட சத்தத்துக்கு மலையே நடுங்கும். வீட்டுக்குள் வந்தால் மட்டும் அதே சத்தம் நனைந்த வெடியாகிப் புஸ்ஸென்று போய்விடும்.

மீன்மேல் என்ன கோபம்? மகள் துஷாந்தினி ஆசையாக ஒரு கண்ணாடித் தொட்டியும் அதில் ஒரு கூட்டம் நியோன் மீனும் வாங்கித் தந்திருந்தாள். இத்துனூண்டு மீன்கள். நீலக் கோடு, சிவப்பு வால். கூட்டமாகப் போகும், கூட்டமாகத் திரும்பும். ஒரு நாள் வீரய்யாவுக்குச் சுத்தம் தலைக்கேறியது. தொட்டித் தண்ணீர் முழுவதையும் கொட்டிவிட்டு, பசறைக் குளிரில் குழாய்த் தண்ணீரை நேரே பிடித்து ஊற்றினார். மதியத்துக்குள் ஒன்றைத் தவிர எல்லாம் மல்லாந்துவிட்டன. பாக்கியலெட்சுமி திட்டியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பார். அவள் திட்டாததால் உத்தரவு போட்டார்.

மிஞ்சிய மீன் ஃபில்டருக்குப் பின்னால் ஒடுங்கிக்கொண்டது. நீலம் வெளுத்துச் சாம்பலாகிவிட்டது. தீனி போட்டால் வராது. யாராவது பக்கத்தில் நடந்தால் கண்ணாடியில் போய் முட்டும்.

"பயந்தே செத்துரும்போல இருக்குங்க. கூட நாலு வாங்கி விட்டா..."

"உத்தரவுன்னா உத்தரவுதான்."

"அப்ப கண்ணு ஆப்பரேசனுக்காவது வாங்க. புரை முத்திருச்சுன்னு டொக்டர் சொல்லி எம்புட்டு நாளாச்சு?"

"என் கண்ணுல கத்தி வைக்க எவனுக்கும் அனுமதி இல்ல!"

"பேரு மட்டும் வீரய்யா" என்றபடி அவள் தேங்காய் திருவப் போனாள்.

உண்மையில் வீரய்யாவுக்கும் மனசு கேட்கவில்லை. அவள் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து, சவரக் கண்ணாடியைத் தொட்டியில் சாய்த்து வைத்தார். மீன் மெல்ல வெளியே வந்தது. கண்ணாடிக்குள் தெரிந்த தன் உருவத்தோடு ஒட்டிக்கொண்டு நின்றது. வீரய்யா வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்கையில் பின்னாலிருந்து குரல்.

"மீனுக்கும் தாடி வளந்திருச்சாங்க?"

தூக்கிவாரிப் போட்டது. சட்டென்று கண்ணாடியைப் பறித்து, அங்கேயே நின்று சோப்புப் போடாமல் சவரம் செய்யத் தொடங்கினார். தாடையில் மூன்று கீறல்.

அடுத்த நாள் பதுளைக்குப் புறப்பட்டார். "செருப்பு தைக்கணும்."

"பசறையில தைக்க ஆளில்லையா?"

"இது பதுளையில வாங்குன செருப்பு!"

பதுளையில் மீன் கடை வைத்திருக்கும் ஷுக்ரி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்தான். "ஐயா, இது தனிய ஈக்கிற சாதியில்ல. கூட்டம் இல்லாட்டி பயத்துலயே மௌத்தாப் போகும். ஆறு ஏழாவது சேத்து விடுங்க. கொஞ்சம் பாசி போடுங்க, ஒளியட்டும். பொலித்தீன் பைய அப்புடியே தொட்டியில மெதக்க விட்டு, தண்ணி ஒரே சூட்டுக்கு வந்த பொறகுதான் மீனத் தொறந்து விடணும்."

"ரெண்டு போதும். ஆறுன்னா அவ கண்ணுல பட்டுரும்."

பாக்கியலெட்சுமி சந்தைக்குப் போன சமயம் காரியம் முடிந்தது. புது மீன் இரண்டும் ஃபில்டர் பக்கம் போயின. பழையது ஒரு நொடி தயங்கியது. பிறகு பாய்ந்து வந்து நடுவில் சேர்ந்துகொண்டது. மூன்றும் ஒரே நேரத்தில் திரும்பின. வீரய்யா வெறும் பொலித்தீன் பையைக் கால்சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டார்.

மறுநாள் சாயங்காலம் தொட்டியைப் பார்த்தவருக்குத் திக்கென்றது.

ஐந்து.

இடமிருந்து எண்ணினார். ஐந்து. வலமிருந்து எண்ணினார். அப்போதும் ஐந்து.

"என்னங்க, மீனுக்குப் பெரட்டு வைக்கிறீங்களா?"

"இல்ல... சும்மா... மீன் எப்படி இருக்குன்னு..."

"எப்படி இருக்கும்? ஒத்த மீனு, பாவம்."

"ஒத்த... மீனா?"

"ஏன், உங்களுக்கு எத்தன தெரியுது?"

வீரய்யாவுக்கு வேர்த்தது. ஐந்து என்றால் தன் திருட்டு வெளியே வந்துவிடும். "ஒண்ணுதான்! ஒண்ணேதான்!"

கொல்லைப் பக்கம் போய் ஷுக்ரிக்குப் போன் போட்டுக் குசுகுசுத்தார். "தம்பி, அது ஒரே நாள்ல குட்டி போட்டு வளந்துருமா?"

"முட்டை போடுற மீன் ஐயா அது. போட்டாலும் மத்தது தின்னுரும். ஏன், கண்ணுக்குக் கூடுதலாத் தெரியுதோ?"

போனைக் கட் பண்ணிவிட்டார். ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தட்டில் இரண்டு ரொட்டி தெரிந்தது. ஒன்றைத் தின்றார். அடுத்ததை விரலால் தொட்டுப் பார்த்து, நிஜம்தான் என்று தெரிந்த பிறகே வாயில் வைத்தார்.

இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் தொட்டியில் ஒன்பது! வலது கண்ணைப் பொத்தினார், ஒன்பது. இடது கண்ணைப் பொத்தினால் பனி மூட்டம்; அதற்குள்ளும் ஏதோ ஒரு கூட்டம் ஓடியது. முப்பது வருஷம் தலை எண்ணிய மனிதர் கதிரையில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"லெச்சுமி! துணிமணி எடுத்து வை. கண் ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"கத்தி வப்பாங்களேங்க?"

"கத்தியோ கோடாலியோ, எதையாவது வைக்கட்டும்!"

கதவுக்குப் பின்னாலிருந்து பை வந்தது. ஏற்கெனவே கட்டித் தயாராக இருந்தது. அதை யோசிக்கிற நிலையில் வீரய்யா இல்லை.

வலது கண்ணில் ஆப்பரேசன் நல்லபடியாக முடிந்தது. இடது கண்ணிலும் புரை இருக்கிறது, அடுத்து அதைப் பார்க்கலாம் என்று டொக்டர் சொல்லி அனுப்பினார். கட்டைப் பிரித்து வீட்டுக்கு வந்ததும் வீரய்யா நேரே தொட்டி முன் போய் நின்றார். பளிச்சென்று தெரிந்தது. பாசியின் ஒவ்வொரு இழையும் தெரிந்தது. மீனும் தெரிந்தது. எண்ணினார். முகம் வெளிறிவிட்டது.

"லெச்சுமி! ஆப்பரேசன் பெயிலு! இப்பவும் ஒன்பது தெரியுது!"

"ஒன்பது இருந்தா ஒன்பதுதாங்க தெரியும்."

வீரய்யாவின் வாய் திறந்தது. திறந்தபடியே நின்றது.

"நீங்க ரெண்டு விட்டீங்க. மிச்சத்த நான் விட்டேன். ஷுக்ரி தம்பி பசறை பஸ்ஸுல கொண்டக்டர்கிட்ட குடுத்து அனுப்பினாரு."

"நான் விட்டது ஒனக்கு எப்படி..."

"கால்சட்டைப் பையில மீன் நாத்தத்தோட, கடைப் பேரும் போன் நம்பரும் போட்ட பொலித்தீன் கெடக்குது. தொவைக்கிறது யாரு?"

"ஒண்ணுதான்னு வாய் கூசாமச் சொன்னியே!"

"உத்தரவு போட்ட வீட்டுல ரெண்டாவது மீனு எப்படிங்க இருக்கும்?"

வீரய்யா தொட்டியைப் பார்த்தார். ஒன்பதும் பளபளவென்று ஒன்றாகத் திரும்பின. அதில் பயந்து செத்துக்கொண்டிருந்த மீன் எது என்று அவருக்கே அடையாளம் தெரியவில்லை. கோபம் வரப் பார்த்தது, வழியிலேயே நின்றுவிட்டது. ஆனாலும் மானம் என்று ஒன்று இருக்கிறதே. நெஞ்சை நிமிர்த்தினார்.

"போகட்டும். ஆனா, இனிமே மீனக் காட்டி என்னைய ஏமாத்த நெனச்ச..."

"சேச்சே, இனிமே மீனு எதுக்குங்க? இடது கண்ணுக்கு ஆமைதான் சரியா இருக்கும்னு ஷுக்ரி தம்பி சொல்லிட்டாரு."