நற்குணத்திலிருந்து மூன்று நாள் விடுப்பு

அனுப்புநர்:
செ. பீர் முகம்மது,
(ஒன்பதாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு உசாமாவின் வாப்பா)
கைலிக் கடை, மேலப்பாளையம்.

பெறுநர்:
தலைமையாசிரியர் ஃபாதர் அவர்கள்,
பாளையங்கோட்டை.

பொருள்: மகனுக்கு வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் விடுப்பு வேண்டுதல். பள்ளியிலிருந்து அல்ல.

பெருமதிப்பிற்குரிய ஃபாதர் அவர்களுக்கு,

தங்களுக்கு ஸலாம் சொல்வதா, தோத்திரம் சொல்வதா என்று அரை மணி நேரம் யோசித்தும் பிடிபடாததால் இரண்டையும் சேர்த்தே வைக்கிறேன், பொருத்தமானதை எடுத்துக்கொள்ளவும். நானும் என் மனைவி மும்தாஜ் பேகமும் மகள் ஃபஹ்மிதாவும் இறைவன் கிருபையால் நலம். உசாமாவும் நலம். எங்கள் கஷ்டமெல்லாம் அவன் நலமாக இருப்பதால் வந்ததுதான்.

கடந்த ஜூன் மாதம் உங்கள் அறையில் நான் கைகட்டி நின்றது தங்களுக்கு நினைவிருக்கும். பழைய பள்ளிக்கூடத்தில் அவன் பஸ் கண்டக்டரின் விசிலைத் தூக்கிக்கொண்டு வந்து வகுப்பில் ஊதியதையும், வாத்தியாரே ஸ்டாப் வந்துவிட்டதென்று எழுந்து நின்றதையும் சொல்லி, “எப்படியாவது இவன மனுசனாக்கித் தாங்க ஃபாதர்” என்று கேட்டேன். நீங்களும் சிரித்துவிட்டு, “மூணு மாசம் டயம் குடுங்க” என்றீர்கள். இந்தக் காலத்தில் யார் சொன்ன தேதியில் சொன்ன வேலையை முடிக்கிறார்கள்? கொத்தனார் முடிக்கிறாரா? தையல்காரர் முடிக்கிறாரா? நீங்கள் இரண்டரை மாதத்திலேயே முடித்துவிட்டீர்கள். அதைத்தான் முறையிட வந்தேன்.

தினமும் கடைசி மணிக்கு முன்னால் பத்து நிமிடம் பையன்களையெல்லாம் கண்ணை மூடி, நெஞ்சில் கைவைத்து, அன்றைக்குச் செய்த தப்பை நினைக்கச் சொல்கிறீர்களாம். நல்ல காரியம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் நினைத்ததோடு விடாமல், மறுநாளே சம்பந்தப்பட்டவர் முகத்துக்கு நேராகப் போய்ச் சொல்லிச் சரிசெய்துவிட்டு வரவேண்டும் என்கிறீர்களே, அங்கேதான் என் குடும்பம் சந்தி சிரிக்கிறது. இவன் அன்றன்றைய தப்போடு நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை, பழைய பாக்கியையெல்லாம் தோண்டி எடுக்கிறான். முதலில் பக்கத்து வீட்டுக் குற்றாலலிங்கம் அண்ணாச்சியிடம் போய், நான்கு வருடமாக அவர் மரத்து மாங்காயைப் பறித்தது தான்தான் என்று சொல்லியிருக்கிறான். அதோடு வாயை மூடினானா? எங்கள் வீட்டில் ஊறுகாய் போட்டதையும், அதில் ஒரு பாட்டில் பெருநாளைக்கு அண்ணாச்சி வீட்டுக்கே போனதையும் சொல்லிவிட்டான். அண்ணாச்சி நேராகக் கடைக்கு வந்துவிட்டார். “ஏன் வே, நாலு வருசமா அணிலு அணிலுன்னு புலம்பிக்கிட்டு வல வாங்கப் போனேன, அந்த வலய நல்லாப் பாத்து வாங்கித் தந்ததே நீருதான வே! எம் மாங்காய எனக்கே குடுத்தீரு, நானும் ஒம்ம வீட்டுக் கைப்பக்குவம் யாருக்கு வரும்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன வே!” என்றார். கடையில் அப்போது ஆறு பேர் கைலி பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர்கூட வாங்கவில்லை, கடைசிவரை இருந்து கேட்டுவிட்டுப் போனார்கள்.

அடுத்தது என் ராத்தா, அதாவது மூத்த அக்கா, ஷரீபா பீவி. அவள் போன் செய்தால் ஒன்றரை மணி நேரம் பேசுவாள். நான் கட்டிலில் படுத்துக்கொண்டே, “வாப்பா பள்ளிவாசலுக்குப் போயிருக்காவ” என்று பையனைச் சொல்லவைப்பது வழக்கம். என் தம்பி எந்நேரமும் பள்ளிவாசலில் கிடக்கிறான் என்று அவளுக்கு என்மேல் எவ்வளவு மரியாதை தெரியுமா ஃபாதர்? இவன் பஸ் ஏறி அவள் வீட்டுக்கே போய்ச் சரிசெய்துவிட்டு வந்தான். இப்போது அவள் போன் செய்வதே இல்லை. திங்கள்தோறும் நேரில் வந்து கட்டில் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, “நீ எந்திரிக்காத தம்பி, படுத்துக்க. நான் இங்கன உக்காந்து பேசுதேன், நீ கேட்டுக்கிட்டாப் போதும்” என்கிறாள். மாலை நாலு மணிக்கு வந்தால் ராத்திரி இஷா தொழுகைக்குப் பாங்கு சொல்லும்வரை போவதில்லை.

பொறுக்க முடியாமல் எங்கள் பள்ளிவாசல் ஹஸ்ரத்திடம் போனேன். இது உங்கள் வேதத்து வழக்கம், எங்கள் பிள்ளைக்கு எதற்கு என்று அவராவது எனக்காக ஒரு வார்த்தை சொல்வார் என்று நம்பினேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டு, “மனுசனுக்குச் செஞ்ச தப்ப மனுசன்கிட்டதாம்பா தீக்கணும். ஃபாதரு சரியாத்தான சொல்லிக்குடுத்திருக்காவ” என்றார். நீங்கள் இருவரும் பேசிவைத்துக்கொண்டு நடத்துகிறீர்களோ என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

இதெல்லாம்கூடப் போகட்டும். மூன்று வாரத்துக்கு முன்னால் ஃபஹ்மிதாவைப் பெண் பார்க்கக் கடையநல்லூரிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளை துபாயில் நல்ல வேலை, தங்கமான குடும்பம். மாப்பிள்ளையின் உம்மா வட்டிலப்பத்தை வாயில் போட்டுவிட்டு, “ரொம்ப நல்லாருக்கே, பொண்ணு செஞ்சதா?” என்று கேட்டார். என் மனைவி அடக்கமாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்போடு விஷயம் முடிந்திருக்கும். டீ கொண்டுவந்த உசாமா, “இல்ல மாமி, பக்கத்து வீட்டு அண்ணாச்சி சம்சாரம் கோமு அக்கா செஞ்சது. எங்க ராத்தாவுக்கு வெந்நிதான் வைக்கத் தெரியும்” என்றான். அந்த அம்மாள் பெரிய மனது பண்ணிச் சிரித்துவிட்டு, “சரி, பைய படிச்சுக்கிடட்டும். பொண்ணுக்குச் சம்மதம்தான?” என்றார். இவன் தட்டைக் கீழே வைத்துவிட்டு, “இல்ல மாமி. ராத்தாவுக்கு எம்.எஸ்ஸி. படிக்கணும். ஒரு வாரமா அழுதுக்கிட்டு இருக்கா. வாப்பாட்ட சொல்லப் பயப்படுதா” என்றான்.

வந்தவர்கள் டீயைக்கூட முடிக்காமல் போனார்கள். நான் அவனைப் பிடித்து, “யாருலே ஒன்னய இதச் சொல்லச் சொன்னா?” என்று கேட்டேன். “யாரும் சொல்லல வாப்பா, நானாத்தான் சொன்னேன்” என்றான். ஓர் அறை விட்டேன். மறுபடி கேட்டேன், அதையேதான் சொன்னான். மும்தாஜ் குறுக்கே வந்து, “நீங்கதான மனுசனாக்கித் தாங்கன்னு கேட்டிய? ஆக்கித் தந்துட்டாவல்லா, பொறவு அடிச்சா எப்படி?” என்று என்னையே கேட்கிறாள். கல்யாணப் பேச்சு எடுத்தால் பெண் பிள்ளை அழத்தான் செய்வாள், அதற்கெல்லாம் அர்த்தம் பார்க்க முடியுமா? என் கல்யாணத்தில் நானே அழுதேன். யாராவது நிறுத்தினார்களா?

ஆகவே ஃபாதர், வரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் தச்சநல்லூரிலிருந்து வேறொரு வீட்டார் வருகிறார்கள். இதுவும் கைநழுவினால் மேலப்பாளையத்தில் என் மகளைக் கேட்டு ஒருவரும் படியேற மாட்டார்கள். எனவே வியாழன் முதல் சனி வரை மட்டும் தாங்கள் உசாமாவைக் கூப்பிட்டு, ‘தம்பி, இந்த மூன்று நாளும் நீ சாதாரணமாக இரு’ என்று உங்கள் வாயால் சொல்ல வேண்டும். பெரிய பொய் ஏதும் வேண்டாம், கேட்டால் தெரியாது என்று சொன்னால் போதும். ஞாயிறு காலையிலிருந்து பழையபடி நல்லவனாகிக்கொள்ளட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை.

தங்கள் கண்டிப்பும் என் பொறுமையும் ஒன்றையொன்று முந்தாமல் இருக்க இறைவன் அருள் புரியட்டும். பள்ளியிலுள்ள மற்ற ஃபாதர்மார்களுக்கும் வாட்ச்மேன் மணிராஜ் அண்ணாச்சிக்கும் என் மரியாதை கலந்த ஸலாம்.

இப்படிக்கு,
மனிதனின் தகப்பன்,
செ. பீர் முகம்மது.

பின்குறிப்பு: என் கையெழுத்தை இரண்டாம் தடவை என்னாலேயே படிக்க முடியாது என்பதால், எந்தக் கடிதமானாலும் ஃபஹ்மிதாதான் திருத்தமாக எழுதித் தருவாள். அந்தப் பழக்கத்தில் இதையும் இன்று காலை அவளிடமே கொடுத்துத் தொலைத்தேன். நான் அவனை அறைந்த இடம் வந்ததும் பேனாவை மூடிவிட்டாள். “வாப்பா, அவன் நானாச் சொன்னேன்னது பொய். நான்தான் அவன் கையப் புடிச்சுக் கெஞ்சிச் சொல்லச் சொன்னேன். யாரு கேட்டாலும் எம் பேரச் சொல்லிராதன்னு சத்தியமும் வாங்கிட்டேன்” என்றாள். அழவில்லை ஃபாதர். நேராக என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஊருக்கெல்லாம் உண்மை சொன்னவன் அக்காவுக்காக என்னிடம் பொய் சொல்லி அறையும் வாங்கிக்கொண்டு, மூன்று வாரமாக உங்கள் பத்து நிமிடத்தில் அதை நெஞ்சில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். தச்சநல்லூருக்குப் போன் செய்தேன். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொல்லத்தான் வாய் வந்தது. அதை விழுங்கிவிட்டு, மகள் மேலே படிக்கப் போகிறாள் என்று சொன்னேன். படக்கென்று வைத்துவிட்டார்கள்.

மேலே எழுதியதைக் கிழித்துப் போட்டிருக்கலாம். நான் எப்படி இருந்தேன் என்பது உங்களுக்கும் தெரியட்டும் என்று, அவள் நிறுத்திய இடத்திலிருந்து என் கிறுக்கலோடு, அப்படியே கொடுக்கிறேன். மூன்று நாள் விடுப்பு வேண்டாம். இன்று கடைசி பீரியடில் மட்டும் அவனை வெளியே விடுங்கள், பள்ளிக்கூட வாசலில்தான் நிற்கிறேன். அவனிடம் முகத்துக்கு நேராகச் சொல்லவேண்டியது எனக்கு ஒன்று இருக்கிறது. வீட்டுக்கு வரும்வரை பொறுக்க முடியவில்லை.