பக்கத்து வீட்டுக்காரரின் செத்தவீடு

கலியாண வீட்டில் என்னால் ஒருவருக்கும் பிரயோசனம் இல்லை. சிரிக்க வேண்டும், கதைக்க வேண்டும், போட்டோவுக்கு நிற்க வேண்டும். எனக்கு மூன்றும் வராது. ஆனால் செத்தவீடு என்றால் என்னைப் போல ஆள் கிடையாது. போவேன். கதிரையில் இருப்பேன். நிலத்தைப் பார்ப்பேன். நேரம் வந்ததும் சொல்லாமல் எழும்பி வருவேன். மன்னாரில் எத்தனையோ செத்தவீடுகளில் இருந்திருக்கிறேன். ஓரிடத்திலும் பிழை விட்டதில்லை. (பிழை விட அங்கே என்ன இருக்கிறது?)

மொன்றியலில் விட்டேன். அதுவும் ஆள் சாகாத செத்தவீட்டில்.

நான் ஏழாம் வகுப்போடு நின்றவன். ஆகவே நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருடம் இருக்கும். மொன்றியலுக்குப் புறத்தே டொலார்டில் வீடு வாங்கிக் குடிவந்து மூன்று மாதம். அதற்கு முதல் எட்டு வருடம் நகரத்துக்குள்ளே ஒரு கட்டடத்தில் நாலாம் மாடி. அங்கே முற்றமும் இல்லை, வேலியும் இல்லை. ஹலோவீன் என்றால் பிள்ளைகள் வேசம் போட்டு வந்து கதவைத் தட்டுவார்கள், மனைவி ரீற்றா மிட்டாய் போடுவாள். அதுவும் அவள் சொல்லித்தான் தெரியும். நான் பேக்கரியில் இரவு வேலை. அந்த நேரம் மாவோடு நிற்பேன்.

புது வீட்டின் பக்கத்து வீட்டுக்காரர் பெயர் கீ. அறுபது வயது இருக்கும். பெரிய மனிதர், பெரிய மீசை. வந்த முதல் நாளே வேலிக்கு மேலால் கை தந்தார். போன்ஜூர் என்றார். நானும் போன்ஜூர் என்றேன். எனக்கு அந்த அளவு உறவு போதும். அவருக்கும் போதும் போல இருந்தது.

அதை ஓகஸ்டில் நான் கெடுத்தேன்.

அவருடைய மேப்பிள் மரத்தின் கிளை ஒன்று எங்கள் பக்கம் நீண்டிருந்தது. என் மிளகாய்க் கன்றுகளுக்கு வெயில் இல்லை. ஊரில் வேலிக்கு மேலால் வந்த கிளையை வெட்டுவதற்கு யாரையும் கேட்பதில்லை. வெட்டி, தடியை மரத்துக்காரர் பக்கம் போட்டுவிட்டால் அது நீதி. நானும் வெட்டினேன். தடியை அவர் வளவில் ஒழுங்காக அடுக்கியும் வைத்தேன். பெரிய கிளையில் கயிறு உரசிய தழும்பு இரண்டு இருந்தது. கண்டேன். யோசிக்கவில்லை.

கீ வந்தார். அந்தத் தழும்பு இரண்டையும் விரலால் தடவினார். பிரெஞ்சில் ஒரு வசனம் சொன்னார். எனக்கு விளங்கவில்லை. உள்ளே போய்விட்டார். அதற்குப் பிறகு போன்ஜூர் இல்லை.

பிறகு அவருடைய மனைவி லீஸ், ரீற்றாவுக்குச் சொல்லியிருக்கிறா. ஒரே மகள் சிறு பிள்ளையாய் இருந்தபோது ஊஞ்சல் கட்டிய கிளையாம். மகள் இப்போது வன்கூவரில். அந்தக் கிளையை அவர் ஒரு நாளும் வெட்டவிட்டதில்லையாம்.

மன்னிப்புக் கேளுங்கோ என்று ரீற்றா என்னைச் சும்மா விடவில்லை. "ஒரு சொல்லுத்தானேப்பா. பார்தோன். வாய் நோகுமோ?"

வாய் நோகவில்லை. வரவில்லை. பேக்கரியில் மாவு பிசையும்போது பார்தோன், பார்தோன் என்று பழகினேன். மாவு மன்னித்துவிட்டது. மூன்று தரம் அவருடைய வாசல் வரைக்கும் போனேன். இரண்டு தரம் திரும்பி வந்தேன். மூன்றாம் தரம் அவர் வெளியே நின்றார். நான் குனிந்து ஒரு சருகைப் பொறுக்கிக்கொண்டு திரும்பினேன். அவர் அந்தச் சருகைப் பற்றி என்ன நினைத்திருப்பாரோ தெரியாது.

நாளைக்குப் போவம், நாளைக்குப் போவம் என்று ஒக்டோபரும் முடியப்போனது.

அந்தக் கிழமை ரீற்றாவும் மகள் மெலனியும் ரொறன்ரோவில். ரீற்றாவின் தங்கைக்குப் பிள்ளைப்பேறு. மெலனிக்கு அப்போது ஐந்து வயது. நான் காலையில் வேலையால் வந்து படுத்தேன், அன்றிரவு எனக்கு லீவு. பின்னேரம் நாலு மணிக்கு எழும்பித் திரைச்சேலையை விலக்கினேன்.

கீயின் வளவில் பெட்டி வைத்திருந்தது.

பிரேதப் பெட்டி. மூடி கொஞ்சம் திறந்திருந்தது. பக்கத்தில் சிலுவை. மரமெல்லாம் வெள்ளைத் துணி. முன்னால் ஒரு கல்லறைக் கல். கல்லில் அவருடைய பெயர். கீழே இரண்டு ஆண்டு. இரண்டாவது, அந்த வருடம். எனக்கு வாசிப்புக் குறைவு, ஆனால் பெயரும் ஆண்டும் வாசிப்பேன். வளவின் நடுவில் நான் வெட்டிய கிளையை நட்டு அதிலும் வெள்ளை கட்டியிருந்தார்கள்.

அதைக் கண்டதும் கட்டிலில் இருந்துவிட்டேன்.

வாசிக்கிற நீங்கள் இப்போது சிரிப்பீர்கள். எனக்கு அதில் ஒன்றும் புதினமாக இருக்கவில்லை. எங்கள் ஊரிலும் முற்றத்தில் பந்தல் போட்டுப் பெட்டி வைப்போம். வெள்ளைக் கொடி கட்டுவோம். கல்லைப் பற்றி மட்டும் கொஞ்சம் யோசித்தேன். அடக்கம் பண்ண முதல் கல் எப்படி வந்தது? பிறகு விளங்கியது. இங்கத்தைய சனம் எல்லாவற்றுக்கும் முன்னாயத்தம். பனி விழ முதல் கார்ச் சில்லு மாற்றுகிற ஆட்கள். கல்லையும் முதலே செய்து வைத்திருப்பார்கள்.

ரீற்றாவுக்கு போன் எடுத்தேன். கீ செத்துப்போனார் என்றேன். முதலில் அழுதாள். பிறகு ஏசினாள்.

"நான் அண்டைக்கே சொன்னனான். ஒரு சொல்லு. அந்த மனுசன் உங்களோட கோவத்தோடயே போயிட்டுது."

அதைத்தான் நானும் கட்டிலில் இருந்து யோசித்தது.

"சரி, இப்ப வெறுங்கையோட போகாதேங்கோ. அந்த வீட்டில அடுப்பு எரியாது. தேத்தண்ணி போட்டுக்கொண்டு போங்கோ. சீனி கூடப் போடுங்கோ, அழுது களைச்சிருப்பினம். உள்ள கூப்பிட்டால் மட்டும் போங்கோ."

வெள்ளைச் சட்டை போட்டேன். கறுப்புக் காற்சட்டை. கையில் செபமாலை. சுடுதண்ணிப் போத்தல் நிறையத் தேத்தண்ணி. எங்கள் வாசல் லைற்றை நிற்பாட்டினேன், மரியாதைக்கு. வெளியே வந்து பார்த்தால் தெரு முழுக்கப் படிகளில் கண்ணும் வாயும் வெட்டின பூசணிக்காய். பல்லுக் காட்டிக்கொண்டு. பக்கத்தில் ஒரு சாவு. ஒருத்தராவது அதை உள்ளே எடுத்து வைத்திருக்கிறார்களா? என்ன அயலட்டை என்று மனம் கசந்தது.

கீயின் வாசலை நெருங்கினால் உள்ளே பெண்கள் அழுகிற சத்தம். ஒரே இழுவை. வெள்ளைக்காரரும் ஒப்பாரி வைப்பார்கள் என்று அன்றைக்குத்தான் அறிந்தேன். நன்றாகவும் வைத்தார்கள். ஊரில் கூட அப்படிக் கேட்டதில்லை.

பெட்டிக்குப் பக்கத்தில் இரண்டு கதிரை. ஒன்றில் ஒருவர் இருந்தார். தொப்பியை இழுத்துவிட்டு, தலை குனிந்து, கை இரண்டும் மடியில். கீயைப் போலவே பெரிய உடம்பு. தமையனாக இருக்க வேண்டும். போன்ஜூர் என்று மெல்லச் சொன்னேன். பதில் இல்லை. துக்கம். நான் மற்றக் கதிரையில் இருந்தேன். ஒரு கோப்பை தேத்தண்ணி வார்த்து அவருடைய காலடியில் வைத்தேன். அவர் தொடவில்லை. வற்புறுத்தவில்லை. (செத்தவீட்டில் ஆளின் முகத்தை உற்றுப் பார்க்கக் கூடாது. இந்தப் பழக்கம்தான் என்னைக் கவிழ்த்தது.)

பெட்டிக்குள் எட்டிப் பார்க்கவும் துணிவு வரவில்லை. கிளை முன்னால் நின்றது. தழும்பு இரண்டும் என்னையே பார்த்தன. செபமாலையைத் தொடங்கினேன்.

அரை மணித்தியாலம் இருக்கும். இருட்டுப் பட்டுக்கொண்டு வந்தது. தமையனும் நானும் அசையவில்லை. நல்ல மனிதர், தேவையில்லாமல் கதைக்கவில்லை என்று அவர் மேல் எனக்கு மதிப்பு வந்தது.

செபமாலையில் மூன்றாம் பத்து ஓடும்போது வாசலில் நாலு பிள்ளைகள். ஒன்று பூனை. ஒன்று வெள்ளைப் போர்வை. கையில் பை. பின்னால் ஒரு தாய். அப்போதுதான் ஞாபகம் வந்தது, இன்றைக்கு ஹலோவீன், மிட்டாய் நாள்.

அந்த இடத்திலாவது எனக்கு விளங்கியிருக்க வேண்டும். விளங்கவில்லை. நான் நினைத்தது, பாவம் பிள்ளைகள், சாவு தெரியாமல் வந்துவிட்டார்கள் என்று. வீட்டுக்காரர் அழுதுகொண்டிருக்கிற நேரம் மணியடித்து மிட்டாய் கேட்டால் எப்படி இருக்கும்? திருப்பி அனுப்ப வேண்டியது என் பொறுப்பு.

பிள்ளைகள் கிட்ட வந்துவிட்டார்கள். பூனை என்னைச் சுட்டிக்காட்டி ஏதோ சொன்னது. பொம்மை என்று சொல்லியிருக்கும். நான் மெல்ல எழும்பினேன். கையை உயர்த்தினேன். தெரிந்த பிரெஞ்சில், குரலைத் தாழ்த்திச் சொன்னேன்.

"முசியே கீ... மோர்."

மோர் என்றால் செத்துப்போனார்.

அந்தக் கத்தல் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. தாய்தான் முதலில் கத்தியது. பூனை பையைப் போட்டுவிட்டு ஓடியது. மிட்டாய் எல்லாம் புல்லில். பிள்ளையின் பொருள் அல்லவா? அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு பின்னால் ஓடினேன். கையில் செபமாலை, வாயில் "மோர், மோர்". அவர்கள் இன்னும் வேகமாக ஓடினார்கள். தெருவோடு நின்றுவிட்டேன். திரும்பி வரும்போது கால் தடக்கித் தமையனின் கதிரையில் மோதினேன்.

தமையனின் தலை கழன்று விழுந்தது. உருண்டு வந்து என் சப்பாத்தில் நின்றது.

நான் தலையைப் பார்த்தேன். கழுத்தைப் பார்த்தேன். கழுத்துக்குள் வைக்கோல். என் மூளை அதோடு வேலையை நிற்பாட்டியது.

அப்போது வீட்டுக் கதவு திறந்தது. கீ நின்றார். செத்தவர். மண்டையில் ஒரு கோடாலி இறங்கியிருந்தது. முகமெல்லாம் இரத்தம்.

நான் ஓடவில்லை. தைரியம் என்று நினைக்க வேண்டாம். கால் வரவில்லை. கிளை வெட்டியவனிடம் கோடாலியோடு வந்திருக்கிறார், வேறு எதற்கு வருவார்? முழங்காலில் விழுந்தேன். மூன்று மாதமாக வராத சொல் வந்தது.

"பார்தோன். பார்தோன். பார்தோன்." கிளையைக் காட்டினேன். மிச்சத்தைத் தமிழில் சொன்னேன். "தெரியாமல் வெட்டிப்போட்டன். ஊஞ்சல் எண்டு தெரியாது."

கீ கை தட்டினார்.

அவருடைய கணக்கு வேறு. பெட்டியும் கல்லும் ஹலோவீனுக்குப் பிள்ளைகளைப் பயப்படுத்த வைத்த விளையாட்டாம். அரை மணித்தியாலமாக ஜன்னலால் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். பக்கத்து வீட்டான் சமாதானமாகி விளையாட்டுக்கு வந்துவிட்டான், என்ன நடிப்பு, கண் கூட அசைக்கிறானில்லை என்று லீஸைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறார். பிள்ளைகளைத் துரத்தியதும் நடிப்பு. முழங்காலும் நடிப்பு.

லீஸ்தான் கிட்ட வந்து பார்த்தா. செபமாலையைப் பார்த்தா. தமையனின் காலடியில் தேத்தண்ணியைப் பார்த்தா. என் முகத்தைப் பார்த்தா. உள்ளே போய் ஒப்பாரியை நிற்பாட்டினா. (அது சீடி.) பிறகு ஆங்கிலத்தில் ஒவ்வொரு சொல்லாகக் கேட்டா, கீ செத்துவிட்டார் என்று நினைத்தீர்களா என்று.

தலையாட்டினேன்.

லீஸ் அதைக் கீக்குச் சொன்னா. அவர் சிரிக்கவில்லை. மண்டையில் இருந்த கோடாலியைக் கழற்றினார். தன்னுடைய பெட்டியின் மேலேயே இருந்தார். எவ்வளவு செபம் சொன்னேன் என்று கேட்டார். மூன்று விரல் காட்டினேன், மூன்று பத்து. குனிந்து தமையனின் கோப்பையை எடுத்து, ஆறிப்போன தேத்தண்ணியை ஒரே மூச்சில் குடித்தார். சீனி கூடிப்போச்சு, முகம் சுருங்கியது. பிறகு கிளையைக் காட்டி ஏதோ சொன்னார். லீஸ் விளங்கப்படுத்தினா. அந்தக் கிளை எரிக்கத்தான் இருந்ததாம், மனம் வரவில்லையாம், வேறென்ன செய்வது என்று பேய் விளையாட்டுக்கு நட்டாராம்.

பிறகுதான் சிரிக்கத் தொடங்கினார். மீசை நனைகிற அளவுக்கு. என்னைக் கையில் பிடித்துத் தூக்கிவிட்டார்.

"என்ர சொந்தத் தமையன் வந்திருந்தாலும் இவ்வளவு நேரம் இருந்திருக்க மாட்டான்" என்றாராம்.

தலையை எடுத்துத் தமையனுக்குப் பொருத்தினோம். பூனையின் வீட்டுக்கு இரண்டு பேரும் பையோடு போனோம். நான் தெருவில் நின்றேன். கீ மட்டும் கதவடிக்குப் போனார், கோடாலி இல்லாமல்.

ரீற்றாவுக்குச் சொல்ல மறந்துவிட்டேன். அடுத்த நாள் போன் எடுத்தபோது காரியம் கைமிஞ்சிப் போயிருந்தது. ரொறன்ரோவில் பாதிச் சனத்துக்கு அவள் சொல்லியாயிற்று. அதோடு மொன்றியலில் எங்கள் பங்குக் கோயிலுக்கும் போன் போட்டு, நவம்பர் இரண்டு, மரித்தோர் நாள் பூசையில் வாசிக்கிற பட்டியலில் கீயின் பெயரையும் எழுதிவித்துவிட்டாள். கீ உயிரோடு இருக்கிறார் என்றேன்.

"வடிவாப் பாத்தனீங்களோ?" என்றாள்.

பெயரை வெட்டச் சொல்லிக் கேட்டோம். சரி என்றார்கள். வெட்டவில்லை. அந்தப் பட்டியலில் ஏறின பெயர் இறங்காது. வருடா வருடம் வாசிக்கிறார்கள், ஊரில் மடுவிலும் மாந்தையிலும் செத்த எங்கள் ஆட்களுக்கு நடுவில். ஒரு வருடம் கீயிடம் விசயத்தைச் சொன்னோம். நானும் வாறேன் என்று கோட்டுப் போட்டு வந்தார். பெயர் வாசித்ததும் பள்ளிக்கூடத்துப் பிள்ளை போலக் கையை உயர்த்தினார். மெலனிதான் பிடித்து இறக்கினாள்.

இப்போது மெலனிக்குக் கலியாணப் பேச்சு நடக்கிறது. நான் வீட்டில் கதைக்காமல் இருந்தால் ஒரு கோப்பை தேத்தண்ணியைக் காலடியில் வைத்துவிட்டு, தலை கழலுதா என்று தொட்டுப் பார்க்கிறாள். மாப்பிள்ளை வீட்டாருக்கும் சொல்லிவிட்டாளாம்.

கீ திருந்தவில்லை. இன்றைக்கும் பெட்டி வைக்கிறார், கல் நடுகிறார். அந்தக் கிளையும் நிற்கிறது, உக்கி, பாதி உயரத்தில். ஆனால் அயலவர் மனம் நோகக் கூடாது என்று ஒரு ஒழுங்கு செய்திருக்கிறார். கல் நட முதல் எங்கள் வீட்டு மணியை அடிப்பார். ரீற்றா சொல்லிக்கொடுத்த இரண்டு சொல்லை நிமிர்ந்து நின்று சொல்வார்.

"நான் சாகேல்லை."

சரி என்பேன். அவர் போய் நடுவார்.

போன வருடம் மணியடிக்கவில்லை. காலையில் வேலையால் வரும்போது கல் நட்டிருந்தது. விளையாட்டு என்று தெரியும். உடுப்பு மாற்றாமல் கட்டிலில் கொஞ்ச நேரம் இருந்தேன். பிறகு தேத்தண்ணி போட்டேன். சீனி குறைத்து. போய் நானே மணியை அடித்தேன்.

நேரம் எடுத்தது. கீ கம்பளியைச் சுற்றிக்கொண்டு, மூக்கு ஒழுக வந்து கதவைத் திறந்தார். கடும் தடிமன். கல்லை நட்டது லீஸாம். என்னைப் பார்த்தார். போத்தலைப் பார்த்தார்.

"பார்தோன்" என்றார்.