றேமண்டுக்குப் படைத்த நண்டு

கொட்டாஞ்சேனை வீட்டின் கூடத்தில் அன்று பிற்பகல் இருந்தவர்கள்: துறைமுகத்தில் தலைமை எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்ற வீட்டுக்காரர் இராஜநாயகம்; அவர் மனைவி மாக்ரெட்; மகள் பிறிஜெற்; சமையற்காரி ஆறாயி; பெண் கேட்டு வெள்ளவத்தையிலிருந்து வந்த மாப்பிள்ளையின் சின்னம்மா ஐறீன்; அவர் கூட்டிவந்த அலவி. வேறு ஒருவரும் வீட்டில் இல்லை என்று இராஜநாயகம் உறுதியாகச் சொன்னார்.

சொல்லி வாய் மூடவில்லை, மேல்மாடியில் யாரோ இருமினார்கள்.

"எலி," என்றார் இராஜநாயகம்.

மின்வெட்டு. குண்டுக்குப் பயந்து கண்ணாடிகளில் காகிதம் ஒட்டியிருந்ததால் பகலிலும் கூடம் இருண்டு கிடந்தது. சுவரில் இராஜநாயகத்தின் தம்பி றேமண்டின் பள்ளிக்கூடக் காலத்துப் படத்துக்கு முன்னால் மட்டும் ஒரு மெழுகுதிரி. கப்பலிலிருந்து கடலில் விழுந்து இறந்த றேமண்டுக்கு அன்று ஆண்டு நினைவு. காலையில் பூசை ஒப்புக்கொடுத்தாகிவிட்டது.

"அண்ணை, குறை நினைக்காதையுங்கோ," என்றார் ஐறீன். "இந்த ஒல்லாந்தர் காலத்து வீட்டில பேய் நடக்குதெண்டு சந்தியில கதைக்கினம். அதுதான் அலவி நானாவைக் கூட்டிவந்தனான்."

அலவி, பழைய கோட்டைகளிலும் பங்களாக்களிலும் ரேப் ரெக்கோடருடன் பேய் தேடித் திரிபவர். இதுவரை ஒன்றும் அகப்படவில்லை. அந்தக் கவலை முகத்தில் தெரிந்தது.

"மாப்பிள்ளையின்ர தாய் தகப்பன் வரேல்லையோ?" என்று பேச்சை மாற்றினார் இராஜநாயகம்.

"அக்காவுக்கு ஆஸ்பத்திரியில டியூட்டி. அத்தானுக்கு நேர்த்தி. வருசா வருசம் இந்த நாளில கொச்சிக்கடை அந்தோனியாரிட்டப் போவார். சம்பந்தம் எல்லாம் என்ர பொறுப்பு."

மாப்பிள்ளைக்குக் கனடா விசா வந்திருந்தது. தகப்பன் சின்னராசாவுக்குச் சொந்தமென்று எவருமில்லை. எல்லாரும் வடக்கில் சண்டையில் போய்விட்டார்களாம். அந்த நாட்களில் அதற்கு மேல் கேட்பது மரியாதையில்லை. பிறிஜெற்றுக்கு முப்பது தாண்டிவிட்டது. பேய்க்கதையால் இரண்டு சம்பந்தம் ஏற்கெனவே திரும்பிப் போயிருந்தன. இதுவும் போனால் இனி வராது.

அலவி மாடிப்படி ஏறி, மேலே அறைவாசலில் வைத்திருந்த சாப்பாட்டுத் தட்டோடு இறங்கினார். இறந்தவருக்குப் பிடித்ததைச் சமைத்து வைப்பது மாக்ரெட்டின் தாய்வீட்டு வழக்கம், பங்குச் சுவாமியாருக்குச் சொல்வதில்லை. தட்டில் நண்டுக் கோதுகள் ஒரு பக்கமாக ஒதுக்கியிருந்தன.

"எலிக்கு நண்டுக் கால் உடைச்சுத் தின்னத் தெரியுமா?" என்றார் அலவி. "தின்டுட்டு, செம்புத் தண்ணில கையும் கழுவி இரிக்கி."

"நான்தான் சாப்பிட்டனான்," என்றார் மாக்ரெட் அவசரமாக.

"அம்மா, உங்களுக்கு நண்டு சாப்பிட்டா உடம்பெல்லாம் தடிக்குமே!" என்றாள் பிறிஜெற், உண்மையான அக்கறையோடு.

இராஜநாயகம் மகளைப் பார்த்த பார்வையில் மெழுகுதிரியே அணைந்திருக்கும்.

அலவி உற்சாகமாகிப் படித் தலைப்பில் கோதுமை மா தூவினார். அவர் கீழே வந்ததும் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தார்கள். மேலே பலகை முனகியது. போய்ப் பார்த்தால், மாவில் காலடிகள். அறையிலிருந்து படிவரை வந்து, நின்று, திரும்பியிருந்தன. இடது கால் இழுபட்டிருந்தது.

சின்ன வயதில் உடைந்த அந்தக் காலை இராஜநாயகத்துக்குத் தெரியும். றேமண்ட் கடலில் விழவில்லை. வீட்டில் ஒருவரையும் கேளாமல் ஒரு தாதியைக் கட்டியவன் அவன். மானம் போகாமலிருக்க, அவன் இறந்ததாகப் பத்திரிகையில் அறிவித்தல் போட்டவர் இராஜநாயகம்தான். உயிரோடு ஒரு தம்பி இருக்கிறான் என்பது வெளியே வந்தால், இத்தனை வருடப் பூசையும் சிரிப்பாகிவிடும்.

"பேய்தான்," என்றார் நிமிர்ந்து நின்று. "சந்தேகமே இல்லை."

"பேய்க்குக் கால் நிலத்தில படாதே?" என்றார் ஐறீன்.

"அது சைவப் பேய். வேதக்காரப் பேய் நடக்கும்."

ஐறீன் கைப்பையை எடுத்தார். "அப்ப நான் வாறன் அண்ணை. பேய் உள்ள வீட்டில எப்பிடிப் பெண் எடுக்கிறது?"

பிறிஜெற் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"இருங்கோ!" இராஜநாயகம் வாசலை மறித்தார். "இது கெட்ட ஆவி இல்லை. பிள்ளையின்ர சொந்தச் சித்தப்பா. கலியாணத்தை ஆசீர்வதிக்க வந்திருக்கிறார்."

ஐறீன் யோசித்தார். "அப்ப அவரையே கேட்டுப் பாப்பம்."

அலவி ரெக்கோடரை அழுத்தி, மாடியைப் பார்த்து, இறந்தவரை மரியாதையாக அழைத்துக் கூவினார். "மர்ஹூம் றேமண்ட் அவர்களே! வெள்ளவத்தைச் சின்னராசாட மகனுக்கு, ஒங்கட கூடப்பொறந்த நானாட மகளைக் குடுக்க சம்மதமென்டா ஒரு தரம் தட்டுங்க. இல்லையென்டா ரெண்டு தரம்."

ஒரு தட்டுக் கேட்டது. இரண்டாவது கேட்டது. பிறகு கதவு உடைவதுபோல் தட்டல்மேல் தட்டல். சுவரிலிருந்து காரை உதிர்ந்தது. மெழுகுதிரி சரிந்து அணைந்தது.

"சந்தோசம்," என்றார் இராஜநாயகம், சரிந்த மெழுகுதிரியை நிமிர்த்தியபடி. "தாங்கேலாத சந்தோசம். ஆறாயி, நீ போய்க் கொஞ்சம் அமைதியாய் இருக்கச் சொல்லு."

வருடா வருடம் இதே நாளில் பின்கதவைத் திறந்துவிடுகிற ஆறாயி பயமில்லாமல் ஏறினாள். மேலே கிசுகிசுப்பு. பிறகு இறங்கி வந்து, இருட்டில் எல்லாரையும் பொதுவாகப் பார்த்துச் சொன்னாள்:

"பேயும் இல்ல, பிசாசும் இல்லைங்கய்யா. மேல இருக்கிறது மாப்பிள்ளையோட அப்பாங்க."